புதுப் புள்ளி சேர்ந்தால் யாருக்கு வரி கூடும்? ஐரோப்பிய ஒன்றிய விரிவாக்கத்தின் பணக் கணக்கு

செட்டிநாட்டு நகரத்தார் ஊர்களில் புள்ளிக் கணக்கைத் தெரியாத வீடு இருக்காது. கல்யாணமாகிவிட்டால் அந்தக் குடும்பம் ஒரு புள்ளி. ஊர்க் கோயிலுக்குப் புள்ளி வரி கட்டும். அதில் திருவிழா, திருப்பணி, அன்றாடப் பூசை நடக்கும். ஒரு வருடத்தில் பத்துப் புதுப் புள்ளி சேர்ந்தால் ஊரில் யாரும் முகம் சுளிப்பதில்லை. வரி வருமானம் கூடுகிறது, தேர் இழுக்கும் செலவு அப்படியேதான் இருக்கிறது. இப்போது ஒன்றைக் கற்பனை செய்து பாருங்கள். கோயில், வாங்கிய வரியில் பெரும்பகுதியைத் திருவிழாவுக்குச் செலவிடாமல் புள்ளிகளுக்கே திருப்பிக் கொடுக்கிறது. அதுவும் ஊர் சராசரியைவிட வருமானம் குறைந்த வீட்டுக்கு அதிகமாக, நிலம் வைத்திருப்பவருக்கு ஏக்கர் கணக்கில் கொஞ்சம் என்று. அப்போது ஏழைப் புள்ளி ஒன்று புதிதாகச் சேர்ந்தால் மற்றவர்கள் எல்லோரும் தங்கள் கணக்கைத் திறந்து பார்ப்பார்கள்.

ஐரோப்பிய ஒன்றியம் இந்த இரண்டாவது வகை. உக்ரைன், மால்டோவா, மேற்கு பால்கன் நாடுகள் (மாண்டினீக்ரோ, அல்பேனியா, வட மாசிடோனியா போன்றவை) இதில் சேரக் காத்திருக்கின்றன என்ற செய்தி வரும்போதெல்லாம், காரைக்குடியில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "சார், ஏழை நாட்டைச் சேர்த்தால் பணக்கார நாட்டுக்குச் செலவு, அவ்வளவுதானே?" பாதி சரி. ஆனால் மீதிப் பாதியில்தான் விஷயமே இருக்கிறது. புது உறுப்பினரால் வரும் பெரிய சண்டை, புதியவருக்கும் பழையவர்களுக்கும் நடுவில் நடப்பதில்லை. பழையவர்களுக்குள்ளேயே நடக்கிறது. அதைப் புரிந்துகொள்ள முதலில் பட்ஜெட்டைப் பார்க்க வேண்டும்.

எவ்வளவு பணம், எங்கிருந்து?

நம்மில் பலர் நினைப்பதைவிட இது சின்ன பட்ஜெட். ஒன்றியத்தின் 27 நாடுகளும் ஒரு வருடத்தில் ஈட்டும் மொத்த தேசிய வருமானத்தில் ஏறத்தாழ ஒரு சதவீதம்தான். ராணுவம், ஓய்வூதியம், பள்ளிக்கூடம், மருத்துவமனை ஆகியவை பெரும்பாலும் அந்தந்த நாட்டுச் செலவு. ஒன்றியம் தன் செலவை ஏழு வருடத்துக்கு ஒரு முறை மொத்தமாகத் திட்டமிடும். 2021 முதல் 2027 வரையிலான திட்டத்துக்கு, 2018-ஆம் ஆண்டு விலைவாசியில் 1,07,430 கோடி யூரோ என்று முடிவானது. இந்த ஏழாண்டுத் திட்டத்துக்கு எல்லா நாடுகளும் சம்மதிக்க வேண்டும். ஒரு நாடு மறுத்தாலும் நடக்காது.

வரவு நான்கு வழிகளில் வருகிறது. ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் சரக்குகளுக்கான சுங்க வரி ஒன்று. அதை வசூலிக்கும் நாடு, வசூல் செலவுக்காக 25 சதவீதத்தை எடுத்துக்கொண்டு மீதியை அனுப்புகிறது. நெதர்லாந்தின் ராட்டர்டாம் துறைமுகத்தில் இறங்கும் பெட்டி ஜெர்மனிக்குப் போகிறதாக இருந்தாலும், வரி நெதர்லாந்து கணக்கில்தான் வசூலாகும். அதனால் அந்த நாடு உண்மையில் கொடுப்பதைவிட அதிகமாகக் கொடுப்பதுபோல் தெரியும். "யார் எவ்வளவு கொடுத்தார்" என்ற பட்டியலைப் பார்க்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அப்புறம் மதிப்புக் கூட்டு வரியின் அடிப்படையில் ஒரு சிறு பங்கு. மூன்றாவது, 2021-லிருந்து, மறுசுழற்சி செய்யப்படாத பிளாஸ்டிக் உறைக் கழிவுக்குக் கிலோவுக்கு 80 சென்ட். இவற்றுக்கெல்லாம் மேல் எவ்வளவு தேவைப்படுகிறதோ, அதை நாடுகள் தங்கள் தேசிய வருமானத்தின் விகிதத்தில் பிரித்துக்கொண்டு கட்டுகின்றன. வரவில் பெரும்பங்கு இந்த நான்காவது வழியில்தான் வருகிறது. பணக்கார நாடு அதிகம் கட்டும், ஏழை நாடு குறைவாகக் கட்டும். புள்ளி வரிபோலத் தலைக்கு ஒரே தொகை இல்லை.

இதிலும் சலுகை உண்டு. ஜெர்மனி, நெதர்லாந்து, ஆஸ்திரியா, சுவீடன், டென்மார்க் ஐந்துக்கும் இப்போதைய திட்டத்தில் கட்ட வேண்டிய தொகையில் கழிவு தரப்படுகிறது. அந்தக் கழிவை எல்லா நாடுகளும் சேர்ந்து ஈடுகட்டுகின்றன.

முக்கியமான விதி இன்னொன்று: ஒன்றியத்தின் வருடாந்திர பட்ஜெட்டில் பற்றாக்குறை விழக் கூடாது. வரவும் செலவும் சமமாக இருக்க வேண்டும் என்று உடன்படிக்கையிலேயே எழுதியிருக்கிறது. நம் மத்திய அரசும் மாநில அரசும் கடன் வாங்கிப் பற்றாக்குறையைச் சமாளிப்பதுபோல் அங்கே வழக்கமான செலவுக்குச் செய்ய முடியாது. கொரோனாவுக்குப் பிந்தைய மீட்சி நிதிக்காகக் கடன் வாங்கினார்கள்தான், ஆனால் அது தனியாக, எல்லோரும் ஒப்புக்கொண்டு, ஒரு முறைக்காகச் செய்த ஏற்பாடு. ஆகவே புது நாடு வந்து செலவு கூடினால் வழிகள் சில மட்டுமே. எல்லோரும் அதிகம் கட்ட வேண்டும், அல்லது வாங்குகிறவர்களின் பங்கைக் குறைக்க வேண்டும், அல்லது பங்கிடும் விதியை மாற்ற வேண்டும், இல்லையென்றால் புதியவருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். இதுவரை ஏழை நாடுகள் சேர்ந்தபோதெல்லாம் இந்த வழிகளைக் கலந்துதான் சமாளித்திருக்கிறார்கள்.

பணம் போகும் இரண்டு பெரிய வாய்க்கால்

செலவில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு விவசாயத்துக்கு. பொது வேளாண் கொள்கை என்று பெயர். 1980-களில் மொத்தச் செலவில் மூன்றில் இரண்டு பங்கு வரை இதற்கே போனது. இதில் பெரும்பகுதி விவசாயிக்கு நேரடியாக, அவர் சாகுபடி செய்யும் ஹெக்டேர் கணக்கில் கொடுக்கப்படுகிறது. ஒரு ஹெக்டேர் என்றால் நம் கணக்கில் ஏறத்தாழ இரண்டரை ஏக்கர். சிவகங்கை மாவட்டத்தில் கண்மாய்ப் பாசனத்தில் இரண்டு ஏக்கர் வைத்திருப்பவருக்கும் இருபது ஏக்கர் வைத்திருப்பவருக்கும் பிஎம் கிசான் திட்டத்தில் வருடம் 6,000 ரூபாய்தான். ஐரோப்பாவில் அப்படி இல்லை, நிலம் கூடக் கூடப் பணமும் கூடும். இந்த ஒரு விதி உக்ரைன் விஷயத்தில் எவ்வளவு பெரிய வேலை செய்கிறது என்று பின்னால் வரும்.

இன்னொரு மூன்றில் ஒரு பங்கு, பின்தங்கிய பகுதிகளைத் தூக்கிவிடுவதற்கு. ஒருங்கிணைவு நிதி என்று சொல்கிறார்கள். சாலை, ரயில், கழிவுநீர் வடிகால், தொழில் பயிற்சி போன்றவை இதில் வரும். நாடுகளைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதியின் தனிநபர் உற்பத்தி ஒன்றியத்தின் சராசரியில் 75 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் 'குறைந்த வளர்ச்சிப் பகுதி' என்று வைக்கிறார்கள். அதற்குத்தான் நிதியில் பெரும்பங்கு. 75-லிருந்து 100 வரை இடைநிலைப் பகுதி. அதற்கு மேல் வளர்ந்த பகுதி. இங்கே "ஒன்றியத்தின் சராசரியில்" என்ற இரண்டு சொற்களையும் அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள்.

சராசரி இறங்கும்போது நடப்பது

ஒரு சின்னக் கணக்குப் போடலாம். பழைய ஒன்றியத்தில் 50 கோடிப் பேர், சராசரி வருமானம் 100 என்று வையுங்கள். அதில் ஒரு பகுதியின் வருமானம் 74. எல்லைக்கோடு 75 என்பதால் அதற்கு முழு உதவி கிடைக்கிறது. இப்போது 10 கோடிப் பேர் கொண்ட, சராசரி 40 உள்ள நாடுகள் சேர்கின்றன. புதிய சராசரி என்ன? ஐம்பதை நூறால் பெருக்கி, பத்தை நாற்பதால் பெருக்கிக் கூட்டினால் 5,400. அதை அறுபதால் வகுத்தால் 90. புது எல்லைக்கோடு 90-ல் 75 சதவீதம், அதாவது 67.5. நம்முடைய 74 பகுதி இப்போது சராசரியில் 82 சதவீதத்துக்கு வந்துவிட்டது. அங்கே ஒரு தொழிற்சாலை புதிதாக வரவில்லை. ஒருவருக்கும் கூலி கூடவில்லை. நேற்று இருந்த அதே வேலையில்லாத் திண்டாட்டம் இன்றும் இருக்கிறது. ஆனால் காகிதத்தில் அது வளர்ந்துவிட்டது, முழு உதவிக்கு இனித் தகுதி இல்லை.

இதற்குப் 'புள்ளிவிவர விளைவு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 2004-ல் பத்து நாடுகள் ஒரே நாளில் சேர்ந்தபோது இது உண்மையாகவே நடந்தது. போலந்து, ஹங்கேரி, செக், ஸ்லோவாக்கியா, ஸ்லோவேனியா, எஸ்தோனியா, லாட்வியா, லித்துவேனியா, மால்டா, சைப்ரஸ். எல்லாம் சேர்த்து ஏழரைக் கோடி மக்களை ஒட்டி. பழைய பதினைந்து நாடுகளில் 38 கோடியை ஒட்டி. சராசரி இறங்கியது. ஸ்பெயினின் அஸ்தூரியாஸ், முர்சியா, போர்ச்சுகலின் அல்கார்வே, இத்தாலியின் பசிலிகாட்டா போன்ற 16 பகுதிகள் பழைய சராசரிப்படி கோட்டுக்குக் கீழே இருந்தவை, புதிய சராசரிப்படி மேலே வந்துவிட்டன. அவர்களை ஒரே அடியாக வெட்டிவிட முடியவில்லை. 2007 முதல் 2013 வரை படிப்படியாகக் குறைத்துக் கொடுக்கிற தனி வகை ஒன்றை உண்டாக்கினார்கள். அதுவும் செலவுதான். புது நாட்டுக்குப் போகாத, ஆனால் புது நாடு வந்ததால் மட்டுமே உண்டான செலவு.

விரிவாக்கத்தின் விலையைப் பேசும்போது பெரும்பாலான செய்திகள் இதை விட்டுவிடுகின்றன. புது நாடு எவ்வளவு வாங்கும் என்று ஒரே ஒரு எண்ணைப் போடுகிறார்கள். அஸ்தூரியாசின் சுரங்கத் தொழிலாளி குடும்பத்துக்கும் பசிலிகாட்டாவின் மலைக்கிராமத்துக்கும் என்ன ஆனது என்பது அந்த எண்ணில் தெரியாது. என்னைக் கேட்டால் இந்தக் கணக்கில் மனிதர்கள் தெரிகிற இடம் அதுதான்.

ஐம்பது வருடப் பேரம்

1957-ல் ஆறு நாடுகளோடு தொடங்கியது. 1973-ல் பிரிட்டன், அயர்லாந்து, டென்மார்க் சேர்ந்தன. பிரிட்டன் ஏழை நாடு இல்லை. ஆனாலும் பட்ஜெட்டில் பெரிய தகராறு வந்தது. காரணம், அன்றைக்கு ஒன்றியத்தின் பணம் பெரும்பாலும் விவசாயத்துக்குப் போனது. பிரிட்டனின் விவசாயம் சிறியது. வெளிநாட்டு இறக்குமதி அதிகம் என்பதால் சுங்க வரியாக நிறையக் கட்டியது. கட்டியது அதிகம், திரும்ப வந்தது குறைவு. பிரிட்டன் பிரதமர் மார்கரெட் தாட்சர் விடாமல் மல்லுக்கட்டி, 1984-ல் பிரான்சின் ஃபோந்தேன்ப்ளோவில் நடந்த மாநாட்டில் கழிவு வாங்கிக்கொண்டார். நிகரமாகக் கட்டும் தொகையில் மூன்றில் இரண்டு பங்கை ஒட்டி அந்த நாட்டுக்குத் திரும்பக் கிடைத்தது. பணக்காரர் சேர்ந்தாலும், அவருடைய பொருளாதாரத்தின் அமைப்பு விதிகளோடு பொருந்தாவிட்டால் பிரச்சினைதான் என்பதற்கு இது நல்ல உதாரணம். அதே நாளில் சேர்ந்த அயர்லாந்து அன்று ஏழை. பல பத்தாண்டுகள் வாங்கிய நாடு, இன்று கொடுக்கும் பக்கத்தில் இருக்கிறது.

1986-ல் ஸ்பெயினும் போர்ச்சுகலும் வருவதற்கு முன் கிரீஸ் குறுக்கே நின்றது. அதுவே 1981-ல்தான் சேர்ந்திருந்தது. அதே ஆலிவ் எண்ணெய், அதே பழம், அதே திராட்சை மதுவை விளைவிக்கும் இரண்டு நாடுகள் வந்தால் தன் விவசாயிகள் கதி என்ன என்று கேட்டது. தடுப்பேன் என்றும் சொன்னது. புதிதாகச் சேர எல்லா உறுப்பினர்களின் சம்மதமும் வேண்டும் என்பதால் அந்த மிரட்டலுக்கு வலு இருந்தது. 1985-ல் மத்தியதரைக்கடல் பகுதிகளுக்கென்று ஒரு சிறப்பு உதவித் திட்டம் கொண்டுவந்து கிரீஸைச் சமாதானப்படுத்தினார்கள். அதற்கப்புறம், 1988-ல் பின்தங்கிய பகுதிகளுக்கான நிதியை 1993-க்குள் இரட்டிப்பாக்க முடிவானது. தேசிய வருமான விகிதத்தில் கட்டும் முறையும் அப்போது வந்ததுதான். 1995-ல் ஆஸ்திரியா, சுவீடன், பின்லாந்து வந்தபோது எல்லோருக்கும் சந்தோஷம், ஏனென்றால் மூன்றும் பணக்கார நாடுகள். அப்போதுகூட, சதுர கிலோமீட்டருக்கு எட்டுப் பேருக்கும் குறைவாக வாழும் வடதுருவப் பகுதிகளுக்கென்று ஒரு புது உதவி வகையைச் சுவீடனும் பின்லாந்தும் வாங்கிக்கொண்டுதான் உள்ளே வந்தன.

2004-க்கான பேரம்தான் எல்லாவற்றிலும் கடுமையானது. புதிய பத்து நாடுகளின் விவசாயிகளுக்கும் பழைய நாட்டு விவசாயிகள் வாங்கும் அதே ஹெக்டேர் தொகையை முதல் நாளிலிருந்து கொடுத்தால் பட்ஜெட் தாங்காது என்றார்கள். 2002 அக்டோபரில் ஜெர்மனியும் பிரான்சும் தங்களுக்குள் பேசி, விவசாயச் செலவுக்கு 2013 வரை ஒரு உச்சவரம்பு போட்டுக்கொண்டன. அந்த வரம்புக்குள் புதியவர்கள் அடங்க வேண்டும். முடிவு இப்படி ஆனது: 2004-ல் 25 சதவீதம், 2005-ல் 30, 2006-ல் 35, 2007-ல் 40, அப்புறம் வருடத்துக்குப் பத்துப் பத்தாகக் கூடி 2013-ல்தான் 100. வேண்டுமானால் தங்கள் சொந்தப் பணத்திலிருந்து கொஞ்சம் கூட்டிக் கொடுத்துக்கொள்ளலாம் என்று அனுமதி தந்தார்கள். ஒரே சந்தையில் ஒரே கோதுமையை விற்கும் போலந்து விவசாயி, எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஜெர்மன் விவசாயி வாங்குவதில் கால் பங்கோடு தொடங்கினார். பட்ஜெட் பிழைத்தது உண்மை. அந்த விவசாயிக்கு அது நியாயமாகப் பட்டிருக்காது என்பதும் உண்மை.

இன்னொரு சிக்கல் கைப்பணம். சேர்ந்த நாளிலிருந்து உறுப்பினர் கட்டணத்தை முழுமையாகக் கட்ட வேண்டும், அது மாதா மாதம் போகும். ஆனால் ஒருங்கிணைவு நிதி அப்படி உடனே வராது. திட்டம் போட வேண்டும், ஒப்புதல் வாங்க வேண்டும், டெண்டர் விட வேண்டும், வேலையை முடித்துப் பில் அனுப்ப வேண்டும். அதற்குப் பிறகுதான் பணம் திரும்ப வரும். சொந்தப் பங்கும் போட வேண்டும். அரசுக் கான்ட்ராக்ட் எடுத்தவர்களுக்கு இந்த வலி தெரியும். இதனால் ஏழை நாடு, முதல் ஒன்றிரண்டு வருடத்தில் வாங்குவதைவிட அதிகம் கட்டும் நிலைகூட வரலாம். 2002 டிசம்பரில் கோபன்ஹேகனில் நடந்த இறுதிப் பேச்சில் போலந்து பிரதமர் லெஷெக் மில்லர் அழுத்திப் பிடித்தது இதைத்தான். வருங்காலத் திட்டங்களுக்கென்று ஒதுக்கியதிலிருந்து நூறு கோடி யூரோவை, உடனே கையில் வரும் பணமாக மாற்றி வாங்கினார். மொத்தத் தொகை பெரிதாகக் கூடவில்லை. எப்போது வரும் என்பதுதான் மாறியது. கணக்கு எழுதுகிறவர்களுக்கு இது பெரிய வித்தியாசம்.

உக்ரைன்: நிலமும் சனமும்

2022 ஜூனில் உக்ரைனுக்கும் மால்டோவாவுக்கும் வேட்பாளர் நாடு, அதாவது சேருவதற்கு முறைப்படி வரிசையில் நிற்கும் நாடு, என்ற தகுதி கிடைத்தது. உக்ரைனின் பொருளாதாரம் ஒன்றியத்தின் பொருளாதாரத்தில் ஒரு சதவீதத்தை ஒட்டி. அதனால் அது கட்டக்கூடிய பங்கும் அவ்வளவுதான். வாங்கும் பக்கத்தைப் பாருங்கள். மூன்று கோடியே இருபது லட்சம் ஹெக்டேருக்கு மேல் உழு நிலம், ஏறத்தாழ எட்டுக் கோடி ஏக்கர். ஒன்றியத்தில் இப்போது இருக்கும் எந்த நாட்டுக்கும் இவ்வளவு உழு நிலம் கிடையாது. சோவியத் காலக் கூட்டுப் பண்ணைகளின் வழியாக வந்த நாடு என்பதால் பண்ணைகளும் பெரியவை. ஒரு லட்சம் ஹெக்டேருக்கு மேல் சாகுபடி செய்யும் நிறுவனங்கள் இருக்கின்றன. ஹெக்டேருக்கு 200 யூரோ என்று ஒரு பேச்சுக்கு வைத்தால், அப்படி ஒரு நிறுவனத்துக்கு மட்டும் வருடம் இரண்டு கோடி யூரோ போகும். பிரான்சில் ஐம்பது ஹெக்டேர் வைத்து மாடு வளர்க்கும் குடும்பம் இதை எப்படிப் பார்க்கும்? ஹெக்டேர் விதியை வைத்துக்கொண்டு உக்ரைனைச் சேர்க்க முடியாது என்று பலரும் சொல்வதற்கு இதுதான் காரணம். 2023-ல் போலந்து, ஹங்கேரி, ஸ்லோவாக்கியா மூன்றும் உக்ரைன் தானியத்தைத் தங்கள் சந்தையில் விடமாட்டோம் என்று தடை போட்டதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். உக்ரைனுக்கு ஆயுதமும் அடைக்கலமும் கொடுத்ததில் முன்னால் நின்ற நாடு போலந்து. விவசாயப் பணம் என்று வரும்போது கணக்கு வேறு மாதிரி ஆகிறது.

எவ்வளவு ஆகும்? 2023-ல் ஒன்றியத்தின் கவுன்சில் (உறுப்பு நாட்டு அரசுகள் கூடும் அவை) செயலகம் தயாரித்த ஒரு உள் மதிப்பீடு செய்தித்தாள்களில் வந்தது. வரிசையில் நிற்கும் ஒன்பது நாடுகளை இப்போதைய விதிகளின்படி அப்படியே சேர்த்தால், ஏழாண்டுத் திட்டத்தில் 25,680 கோடி யூரோ கூடுதலாகும் என்றது அது. அதில் உக்ரைனுக்கு மட்டும் 18,600 கோடி. இப்போது விவசாய மானியம் வாங்குகிறவர்களுக்கு ஐந்தில் ஒரு பங்கு குறையும். வாங்குகிற பல நாடுகள் கொடுக்கிற நாடுகளாக மாறும். செக், எஸ்தோனியா, லித்துவேனியா, ஸ்லோவேனியா, சைப்ரஸ், மால்டா ஆகியவை ஒருங்கிணைவு நிதியில் தங்களுக்கு இருக்கும் தகுதியை இழக்கும். இந்த ஆறும் 2004-ல் சேர்ந்தவை என்பதைக் கவனியுங்கள். அன்று ஸ்பெயினுக்கும் போர்ச்சுகலுக்கும் நடந்தது இப்போது இவர்களுக்கு.

2024-ல் பிரஸ்ஸல்ஸில் உள்ள ப்ருகெல் ஆய்வு நிறுவனம் உக்ரைனுக்கு மட்டும் போட்ட கணக்கு இதைவிடக் குறைவு. 13,600 கோடி யூரோ, ஒன்றியத்தின் உற்பத்தியில் 0.13 சதவீதம். ஏன் இவ்வளவு வித்தியாசம்? எந்த விதியை எப்படி எடுத்துக்கொள்கிறோம் என்பதில் இருக்கிறது. உதாரணமாக, ஒரு நாடு ஒருங்கிணைவு நிதியாக வாங்கக்கூடியது அதன் சொந்த உற்பத்தியில் சுமார் 2.3 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று ஒரு வரம்பு இருக்கிறது. மிக ஏழை நாட்டுக்கு இந்த வரம்பு பெரிய தடுப்பு. உற்பத்தி குறைவாக இருந்தால் அதில் 2.3 சதவீதமும் குறைவுதானே. போரில் உடைந்ததைத் திரும்பக் கட்டும் செலவு இந்தக் கணக்குகளில் எதிலும் முழுதாக வராது. அது தனி. 2024 முதல் 2027 வரை உக்ரைனுக்கு ஒன்றியம் ஒதுக்கிய 5,000 கோடி யூரோவில் 3,300 கோடி கடன், 1,700 கோடி மானியம். அது உறுப்பினர் ஆவதற்கு முன்பே கொடுக்கும் உதவி.

கொடுத்தது கழித்து வாங்கியது

நிகரக் கொடுப்பாளர், நிகர வாங்குநர் என்று இரண்டு பெயர்களைச் செய்திகளில் பார்க்கலாம். ஒரு நாடு கட்டியதிலிருந்து திரும்ப வந்ததைக் கழித்த மிச்சம்தான் அது. ஜெர்மனி முதல் வகையில் பெரியது, போலந்து இரண்டாவது வகையில் பெரியவற்றில் ஒன்று. தேர்தல் மேடைகளில் இந்த எண்ணைத் தூக்கிக் காட்டுவார்கள். எனக்கு இந்த எண்ணின் மேல் பெரிய மரியாதை இல்லை. போலந்தில் ஒன்றியப் பணத்தில் போட்ட நெடுஞ்சாலையில் ஓடும் லாரியும் அதில் போகும் எந்திரமும் ஜெர்மனியில் செய்ததாக இருக்கலாம். அந்தச் சாலையால் அங்கே தொழிற்சாலை போட்ட ஜெர்மன் கம்பெனி சம்பாதிப்பதும் இந்தக் கழித்தலில் வராது. ஒரே சந்தை என்பதன் லாபம் பட்ஜெட் ஏட்டுக்கு வெளியே இருக்கிறது. ஆனால் அந்த லாபம் கம்பெனிகளுக்கும் நகரங்களுக்கும் போகிறது, மானியக் குறைப்பு ஒரு விவசாயி வீட்டு வாசலில் வந்து நிற்கிறது. அரசியலில் எது அதிகம் கேட்கும் என்று சொல்லத் தேவையில்லை.

வெளியே போகும்போதும் கணக்கு உண்டு. பிரிட்டன் 2020-ல் விலகியபோது, உறுப்பினராக இருந்த காலத்தில் ஒப்புக்கொண்ட செலவுகளில் தன் பங்கைக் கட்ட வேண்டியிருந்தது. 3,500 முதல் 3,900 கோடி பவுண்டு என்று பிரிட்டன் அரசே 2017-ல் கணக்கிட்டிருந்தது. செட்டிநாட்டுக்கு இந்த மாதிரிப் பிரிவினைக் கணக்கு புதிதில்லை. 1937 ஏப்ரலில் பர்மா பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்து பிரிந்தபோதும் பழைய பொதுக் கடனில் யாருக்கு எவ்வளவு என்று பங்கு போட வேண்டி வந்தது. அரசுகள் ஏட்டை முடித்துவிட்டன. பர்மாவில் நிலமும் கொடுக்கல் வாங்கலுமாக இருந்த நம் ஊர்க் குடும்பங்களின் கணக்கு அதற்குப் பிறகும் முடியவில்லை.

நம் நிதிக்குழுவோடு ஒப்பிடலாமா என்று கேட்பார்கள். ஓரளவுக்கு. 15-ஆவது நிதிக்குழு மாநிலங்களுக்குப் பங்கு பிரித்தபோது, பணக்கார மாநிலத்தின் தனிநபர் வருமானத்திலிருந்து ஒரு மாநிலம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதற்கு மட்டும் 45 சதவீத எடை கொடுத்தது. ஐரோப்பியர் சராசரியை வைத்துச் செய்வதை நாம் இப்படிச் செய்கிறோம். பெரிய வேறுபாடு, இங்கே மத்திய அரசு வரியை வசூலித்துக் கீழே தருகிறது. அங்கே நாடுகள் வசூலித்து மேலே தருகின்றன. கையிலிருப்பதைக் கொடுப்பவருக்குக் குரல் அதிகம். அதனால்தான் அங்கே ஒவ்வொரு ஏழாண்டுத் திட்டமும் விடிய விடியப் பேசி முடிகிறது.

அடுத்த திட்டம் 2028 முதல் 2034 வரை. 2025 ஜூலையில் ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் தன் முன்மொழிவை வைத்தது. மொத்தம் இரண்டு லட்சம் கோடி யூரோவை ஒட்டி. விவசாயப் பணத்தையும் ஒருங்கிணைவுப் பணத்தையும் ஒரே பானையில் போட்டு, நாட்டுக்கு ஒரு திட்டமாகக் கொடுக்கலாம் என்பது அதில் ஒரு யோசனை. விவசாயிகள் சங்கங்கள் உடனே எதிர்த்தன. இந்த யோசனையைப் பொதுவாக நிர்வாகச் சீர்திருத்தமாகத்தான் பேசுகிறார்கள். நான் இதை விரிவாக்கத்துக்கு வழி திறக்கும் ஏற்பாடாகவும் பார்க்கிறேன். ஹெக்டேர் விதியும் 75 சதவீத விதியும் தனித்தனியாக இருக்கும்வரை ஒவ்வொரு புது நாடும் இரண்டு பக்கமும் இடிக்கும். ஒரே பானையாக்கினால் நாட்டுக்கு நாடு தொகையைப் பேசி முடித்துக்கொள்ளலாம்.

வரிசையில் இருப்பவர்கள் எல்லோரும் உக்ரைன் அளவு இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மாண்டினீக்ரோவின் மக்கள்தொகை ஆறேகால் லட்சத்தை ஒட்டி. 2011 கணக்கெடுப்பில் நம் சிவகங்கை மாவட்டத்தில் மட்டும் 13 லட்சத்து 39 ஆயிரம் பேர். மாவட்டத்தில் பாதிகூட இல்லாத நாடு சேர்ந்தால் சராசரி அசையாது, எல்லைக்கோடு நகராது, அஸ்தூரியாஸ்போல யாரும் தகுதி இழக்கமாட்டார்கள். அல்பேனியாவும் வட மாசிடோனியாவும் அதைவிடப் பெரியவை என்றாலும் தாங்கக்கூடியவை. சேர விரும்பும் நாட்டோடு பேச்சு 35 அத்தியாயங்களாக நடக்கும். விவசாயம் 11, பகுதி வளர்ச்சி 22, நிதியும் பட்ஜெட்டும் 33. இந்த மூன்று அத்தியாயங்கள் எப்போது திறக்கின்றன, மூடும்போது எத்தனை வருட இடைக்காலம் எழுதப்படுகிறது, எந்தப் பழைய உறுப்பினருக்கு என்ன சலுகை பக்கத்தில் வருகிறது என்று பார்த்துவந்தால், மேடைப் பேச்சைவிட நிறையத் தெரியும்.